வேலைத்தளத்தில் காயம் பட்டால்: நட்டஈடு பெறும் வழிகள்

மீளக்குடியமர்ந்த ஊர்களில் இன்று எங்கு திரும்பினாலும் கட்டட வேலைதான். வீடு, பாடசாலை, வைத்தியசாலை, வீதி, மதகு, கிணறு என்று எல்லாம் புதிதாக எழுகின்றன. வயலும் தோட்டமும் கடலும் பழையபடி வருமானம் தரத் தொடங்கும்வரை பல குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்தக் கூலியில்தான். மேசன், ஓடாவி, கம்பி கட்டுபவர், முட்டாள் வேலைக்கு நிற்பவர், கல் அரிபவர், மண் சுமக்கும் பெண்கள் என்று பலரும் இந்த வேலையை நம்பி இருக்கிறார்கள்.

இந்த வேலையில் விழுந்தால் அடி பலம். சாரம் சரியும், கிணற்றுக் கரை இடியும், கொங்கிறீற் கலவை இயந்திரத்தில் கை அகப்படும், மின்கம்பி தொடும். உழைக்கிற ஒரே ஆள் படுக்கையில் விழுந்தால் கட்டிக்கொண்டிருக்கும் சொந்த வீடும் பாதியில் நின்றுவிடும். பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும்.

எமது களப் பணியாளர்கள் இப்படியான வீடுகளுக்குப் போகும்போது பெரும்பாலும் கேட்பது ஒரே பதில்தான்: "கொந்தராத்துக்காரர் நல்ல மனிசன், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக் கொஞ்சக் காசும் தந்தவர். நாங்கள் நாள் கூலிக்குத்தானே போனது, வேறென்ன கேட்கிறது?" கேட்க வழி உண்டு. அது யாரும் இரங்கித் தரும் உதவி அல்ல, சட்டம் தந்த உரிமை. ஆனால் அந்த உரிமை கைக்கு வருமா வராதா என்பது, விபத்து நடந்த முதல் சில நாட்களில் நீங்கள் சேர்த்து வைக்கும் தாள்களில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்குகிறது.

எந்த நட்டஈடு?

மீளக்குடியமர்ந்தவர்களிடம் "நட்டஈடு" என்றால் போரில் அழிந்த வீட்டுக்கும் சொத்துக்கும் அரசாங்கம் தரும் பணமே முதலில் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. போர் இழப்புக்கான விண்ணப்பம் ஏற்கெனவே கொடுத்திருந்தாலும், கொடுக்காமல் விட்டிருந்தாலும், வேலைத்தள விபத்துக்கான உரிமையை அது பாதிக்காது.

இங்கே நாம் சொல்வது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைப்பது. இதைக் கொடுக்க வேண்டியவர் அரசாங்கம் அல்ல, உங்களை வேலைக்கு வைத்திருந்தவர். சட்டம் அவரைத் தொழில்தருநர் என்கிறது. கொடுக்காவிட்டால் விசாரித்துக் கட்டளையிடுபவர் வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளர்.

இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய நன்மை, விபத்து யாருடைய பிழையால் நடந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இதற்குள் சேர்க்கப்பட்டுள்ளன.

நியமனக் கடிதம் இல்லாதவருக்கும் உண்டா?

உண்டு. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு வேலைக்குப் போனாலும் அது ஒப்பந்தம்தான். மாதச் சம்பளம், நாள் கூலி, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலி எல்லாம் அடங்கும். ஆண், பெண் வேறுபாடு இல்லை. கிளிநொச்சியில் வேலை செய்பவருக்கும் கொழும்பில் மாடிக் கட்டடத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான்.

பலரைக் குழப்புவது இன்னொரு விடயம். பெரிய கொந்தராத்துக்காரர் ஒருவர் பாடசாலைக் கட்டடத்தை எடுக்கிறார். கூரை வேலையை மட்டும் ஒரு பாஸிடம் பிரித்துக் கொடுக்கிறார். பாஸ் ஊரில் ஆட்களைக் கூட்டிப் போகிறார். ஒருவர் விழுந்ததும் பெரியவர் "அவர் என்னுடைய ஆள் இல்லை, பாஸைக் கேளுங்கள்" என்கிறார். பாஸோ "என்னிடம் ஏது காசு" என்கிறார். இப்படியான நிலையில், தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுத்த பெரிய கொந்தராத்துக்காரரிடமே நட்டஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதை அவர் பின்னர் பாஸிடம் வாங்குவது அவர்களுக்கிடையிலான கதை. ஆகவே வேலைத்தளத்தின் முன்னால் நட்டிருக்கும் பெயர்ப் பலகையில் உள்ள விபரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை எடுத்தவர் யார், எந்தத் திணைக்களத்தின் வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எப்போது மறுக்கலாம்?

மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்காத சிறு காயங்களுக்கு நட்டஈடு இல்லை. அதைவிட மூன்று காரணங்களைத் தொழில்தருநர் சொல்லலாம்: காயம்பட்டவர் மதுபோதையில் அல்லது போதைப்பொருள் பாவனையில் இருந்தார்; பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார்; பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார். விபத்தில் ஆள் இறந்திருந்தால் இந்தக் காரணங்களைச் சொல்லித் தப்ப முடியாது.

"வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கவனக் குறைவு வேறு, வேண்டுமென்று மீறுவது வேறு. தலைக்கவசம் கொடுக்கவே இல்லை என்றால் "தலைக்கவசம் போடவில்லை" என்ற கதைக்கு இடமில்லை. "குடித்திருந்தார்" என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி வருவதுதான். வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது எழுதப்படும் குறிப்பு அப்போது உங்களுக்குச் சாட்சி நிற்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

தொகையைச் சட்டத்தின் அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. காயம்பட்டவரின் மாதச் சம்பளமும் காயத்தின் தன்மையும் அதற்கு அடிப்படை. மூன்று விதமாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, தற்காலிக இயலாமை. கால் உடைந்து சில மாதம் வேலைக்குப் போக முடியாது, பிறகு சுகமாகிவிடும் என்றால் அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவு கிடைக்க வேண்டும். இது அதிகபட்சம் ஐந்து வருடங்கள்வரை.

இரண்டாவது, நிரந்தர இயலாமை. இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலைக்கு முழுத் தொகை. ஒரு விரல், ஒரு கண், ஒரு கால் என்று இழந்து உழைக்கும் திறனில் ஒரு பகுதி குறைந்தால் அதே விகிதத்தில் தொகை. விளக்கத்துக்கு ஒரு கணக்கு: ஒருவரின் சம்பளத்துக்கு முழு இயலாமைக்கான தொகை 10 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அவர் உழைக்கும் திறனில் 30 சதவீதத்தை இழந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் அவருக்கு 3 இலட்சம் ரூபா. எந்த உறுப்பு இழப்புக்கு எத்தனை சதவீதம் என்பது சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வைத்தியரின் மதிப்பீடு வேண்டும்.

மூன்றாவது, மரணம். இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்கு ஒரே தொகையாக.

உச்சத் தொகை முன்னர் 550,000 ரூபாவாக இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது 20 இலட்சம் ரூபா. இது மேல் எல்லை மட்டுமே. எல்லோருக்கும் இவ்வளவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இங்கேதான் சம்பளக் கணக்கு முக்கியமாகிறது. நாளுக்கு 3,500 ரூபா வாங்கியவரை 2,000 ரூபா வாங்கியவர் என்று தொழில்தருநர் எழுதினால் நட்டஈடும் அதற்கேற்பக் குறையும். ஒரு கொப்பியில் திகதி, வேலை செய்த இடம், வாங்கிய கூலி ஆகியவற்றை நாளாந்தம் எழுதுங்கள். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். முடிந்தால் கூலியை வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அனுமதிக்கும்போது "வேலைத்தளத்தில் விழுந்து காயம்" என்று இடத்தையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தது என்று சொல்லுங்கோ, பொலிஸ் பிரச்சினை வராது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பின்னர் பல வழக்குகளில் கதையை மாற்றுவது அந்த ஒரு வரிதான்.

2. விபத்தைப் பற்றித் தொழில்தருநருக்கு இயன்றளவு விரைவாக எழுத்தில் அறிவியுங்கள். பெயர், திகதி, நேரம், இடம், எப்படி நடந்தது, என்ன காயம் என்று நாலு வரி போதும். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

3. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிவு செய்து முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

4. கூட வேலை செய்த இருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடக்கூடும்.

5. விபத்து நடந்த இடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சரிந்த சாரம் மறுநாளே திருத்தப்பட்டுவிடும்.

6. வைத்தியசாலையிலிருந்து வரும்போது நோய் நிர்ணய அட்டையை மறக்காமல் வாங்குங்கள். எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, மருந்துச் சிட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.

7. தொழில்தருநர் தந்த ஒவ்வொரு ரூபாவையும் திகதியோடு குறித்து வையுங்கள்.

மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கும் விபத்துகளைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டியது தொழில்தருநரின் கடமை. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைத்தளங்களுக்கும் பொருந்தும். அவர் அறிவிக்காவிட்டால் நீங்களே மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் சொல்லலாம். அதிகாரி வந்து பார்த்து எழுதும் அறிக்கை உங்களுக்குப் பலம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

விபத்து நடந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருவர் வருவார். கையில் கொஞ்சப் பணமும் ஒரு தாளும் இருக்கும். "இதோடு எல்லாம் முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருக்கும். சில வேளை ஒன்றும் எழுதாத வெற்றுத் தாளாகவும் இருக்கும். அந்த நேரம் வீட்டில் அரிசி இல்லை, வைத்தியசாலைக்குப் போய்வரப் பஸ் காசு இல்லை. கையெழுத்து வைக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலாவது, பணத்தை வாங்குவதில் தவறில்லை. "இன்ன திகதியில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். வெற்றுத் தாளில் வைக்க வேண்டாம். விளங்காத மொழியில் எழுதிய தாளிலும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தாலும் மனம் விட வேண்டாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை சட்டத்தின் முன் செல்லாது. ஒரே தொகையாகப் பேசித் தீர்ப்பதென்றால் அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் அதை ஏற்க மறுக்கலாம். ஆகவே கையெழுத்து வைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

எங்கே, எப்போது விண்ணப்பிப்பது?

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விபத்தால் ஆள் இறந்திருந்தால் இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம். பிந்தியதற்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் ஆணையாளருக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

விண்ணப்பம் வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்பப்படும். படிவத்தைப் பெறவும் நிரப்பவும் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் வழி கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரச கரும மொழி; பதிலையும் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணையின்பின் ஆணையாளர் கட்டளையிட்ட தொகையைத் தொழில்தருநர் கட்டாவிட்டால் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம்.

நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

தொழில்தருநரின் கவனயீனத்தால்தான் விபத்து நடந்தது என்று நிரூபிக்க முடிந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். அதற்கும் கால எல்லை இரண்டு வருடம். அங்கே 20 இலட்சம் என்ற உச்ச எல்லை இல்லை. ஆனால் கவனயீனத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். செலவும் காலமும் அதிகம்.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஒன்றில் ஆணையாளரிடம், அல்லது நீதிமன்றத்தில். ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்றது அடைபடும். ஆகவே எதையும் தொடங்குமுன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி வழங்குவதற்கென்றே 1978 ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. அதன் கிளைகள் பெரும்பாலும் நீதிமன்ற வளவிலோ அருகிலோ இருக்கும்.

இதைவிட, ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் உண்டு. உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்டிருந்தால், நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலையில் சேமலாப நிதியை முன்கூட்டியே பெறலாம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் இயலாமைக்கும் மரணத்துக்கும் உதவித் தொகை இருக்கிறது. இவை நட்டஈட்டுக்குப் பதிலானவை அல்ல, அதற்கு மேலதிகமானவை.

உயிரிழப்பு நேர்ந்தால்

துக்க வீட்டில் இதைப் பேசுவது கடினம். ஆனாலும் நெருங்கிய உறவினர் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டியவை உண்டு. மரண விசாரணையில் விபத்து வேலைத்தளத்தில் நடந்தது என்பது பதிவாக வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் காரணம் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். நட்டஈட்டுத் தொகையைத் தொழில்தருநர் ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். தங்கியிருந்தவர்களுக்கு அதைப் பங்கிடுபவர் ஆணையாளர். செத்த வீட்டுச் செலவுக்கென்று கையில் தந்த பணத்தோடு அவருடைய பொறுப்பு முடிந்துவிடாது.

இங்கே எமது குடும்பங்களுக்கு வரும் பெரிய தடை ஆவணங்கள்தான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் திருமணம் செய்து பதிவு செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் பதுங்கு குழியிலும் முகாமிலும் தொலைந்தன. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பதிவு இங்கே இன்னும் முடியாமல் இருக்கலாம். தாலி கட்டி வாழ்ந்த மனைவிதான் என்று ஊரெல்லாம் தெரிந்திருந்தாலும், விசாரணையில் தாள் கேட்பார்கள். ஆவணம் இல்லையென்றால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும் உதவலாம். ஆனால் விசாரணை நீளும். எல்லோரும் சுகமாக இருக்கும் இந்த நேரத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். தொலைந்த அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளை எடுத்து வையுங்கள்.

நீங்கள் வீட்டுக்காரராக இருந்தால்

வீட்டுத் திட்டங்களில் பலவற்றில் பயனாளியே நின்று வீட்டைக் கட்டுகிறார். கட்டம் கட்டமாகப் பணம் வரும். நீங்கள் மேசனைப் பிடிக்கிறீர்கள். மேசன் விழுந்தால் யார் பொறுப்பு?

தன் தொழிலுக்காக அல்லது வியாபாரத்துக்காக ஆள் வைப்பவரைத்தான் இந்தச் சட்டம் முதலில் பார்க்கிறது. முழு வேலையையும் ஒரு பாஸ் கொந்தராத்தாக எடுத்துத் தன் ஆட்களைக் கொண்டு செய்வித்தால் அந்த ஆட்களுக்குத் தொழில்தருநர் பாஸ்தான். நீங்களே நாள் கூலி கொடுத்து ஒருவரைத் தனியாக வைத்திருந்தால், இந்தச் சட்டத்தின் கீழ் அவர் நட்டஈடு பெறுவது கடினம். ஆனால் உங்கள் கவனயீனத்தால் காயம் பட்டார் என்றால் அவர் நீதிமன்றம் போகலாம். ஆகவே பாஸோடு பேசும்போதே யாருடைய ஆட்கள், யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். பழைய பனங்கம்புகளைக் கட்டிச் சாரம் போட விட வேண்டாம். கிணறு வெட்டும்போது கரைக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காக வந்தவரும் உங்களைப் போலவே எங்கோ இருந்து திரும்பி வந்து, தன் வீட்டையும் கட்டிக்கொண்டிருப்பவர்தான்.

தனியாக வேலை செய்யும் மேசன்மாரும் ஓடாவிமாரும் சுயதொழில் செய்பவர்களாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் சேர்ந்து தாமாகவே பணம் கட்டலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் ஒரு பழைய பையை எடுங்கள். அடையாள அட்டைப் பிரதி, திருமண, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கூலிக் கொப்பி ஆகியவற்றை அதில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அந்தப் பை ஒரு நாளும் தேவைப்படாமல் போகட்டும். தேவைப்பட்டால், அதைத் தூக்கிக்கொண்டு முதலில் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் போங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் ஊருக்கு வரும் எமது களப் பணியாளரிடம் கேளுங்கள். கூட வருவார்.